எல்லம்மாவுக்குத் தீட்டு உண்டா?

புதுச்சேரியில் இரண்டு விடுதிகள் என்னைத் திருப்பி அனுப்பின. மூன்றாவதில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் பிரெஞ்சுக் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறந்த இடம் எழுதியிருந்த வரியில் அவர் விரல் நின்றது.

"சிலோனா?"

"ஓம்."

"சிலோன்னா ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் ரூம் குடுக்கணும். இன்னா வேலையா வந்திருக்கீங்க?"

"ஒரு பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

அந்தப் பதில் எனக்கு உதவவில்லை. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார். சித்திரை வெயில் தொட்டித் தண்ணீரையே கொதிக்க வைத்திருந்தது. மன்னாரில் ஒரு வருடம், மண்டபம் முகாமில் ஒரு வருடம், ஜெர்மனியில் ஒரு கன்டெய்னர் பெட்டிக்குள் ஒரு குளிர்காலம் என்று இருந்தவனுக்கு இந்த அறை போதும். பூட்டு உள்ளே இருந்தது. அதுவே பெரிய விஷயம்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாரிசில் நான் பகலில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டுகளைக் கழுவுகிறேன், மாலையில் ஓர் உணவகத்தில் சட்டி தேய்க்கிறேன். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தவர் மதாம் சிமோன். எனக்கு விசா இல்லாத காலத்தில் என்னோடு அலுவலகம் அலுவலகமாக வந்து, வரிசையில் நின்று, எனக்காக வாக்குவாதம் செய்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அந்த ஊரில் வாயாக இருந்தவர். இப்போது அவருக்கு வயிற்றில் நோய். டாக்டர்கள் தேதி சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஒரே மகள் எலேன், கடவுளைத் தேடி இந்தியாவுக்குப் போய் ஏழு வருடமாகிறது. புதுச்சேரிப் பக்கம் ஏதோ அம்மன் கோயிலில் இருக்கிறாள் என்று யாரோ வந்து சொன்னதுதான் கடைசித் தகவல்.

"நீ அந்த மொழி பேசுகிறாய். போய் அழைத்து வா" என்றார் மதாம் சிமோன். பிறகு, "அவள் எதையும் முடித்ததில்லை. ஒருவேளை கடவுளையும் பாதியில் விட்டிருப்பாள்" என்றார்.

என் தாய் வன்னியில் இறந்தபோது நான் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அதனால் நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்தேன். கடற்கரைப் பக்கத்துத் தெருக்கள் பாரிசின் ஏதோவொரு துண்டை வெயிலில் காயப் போட்டதுபோல் இருந்தன. மஞ்சள் சுவர், வெள்ளைச் சட்டம், மூடிய ஜன்னல். ஒரு பேக்கரியில் நீள ரொட்டி வாங்கினேன். உருவம் சரி, கடித்தால் பஞ்சு. மத்தியானம் ஒரு மெஸ்சில் இடியப்பம் கிடைத்தது. தேங்காய்ப்பாலும் சீனியும் ஊற்றினார்கள். சொதியும் சம்பலும் இல்லாத இடியப்பத்தை நான் அதுவரை பிள்ளைகள் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். எதிர் மேசையில் இருந்த பெரியவர், வேட்டி கட்டிய, பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், என்னிடம் பிரெஞ்சில் "நல்ல பசியோ" என்றார். தமிழில் பதில் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தியானம் செய்கிற இடங்களில் வெள்ளைப் பருத்தி உடுத்திய வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். பலரைக் கேட்டேன். கடைசியில் ஒரு சிவந்த தாடிக்காரன், "எலேனா? அவளுக்கு மௌனம் ஒத்துவரவில்லை. சத்தம் இருக்கும் கடவுள் வேண்டும் என்று கிராமத்துக்குப் போய்விட்டாள்" என்றான். சேதராப்பட்டு போகிற வழி என்று கையைக் காட்டினான். அவன் குரலில் கொஞ்சம் ஏளனம் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

திங்கள் காலை ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் காதர் பாய் டவுனைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தாராம். "அவரு கப்பல்ல போனாரு, நான் ஆட்டோல போறேன். எங்க குடும்பம் அப்படியே முன்னேறிகினு வருது" என்றார். முன்னேற்றம் லாஸ்பேட்டையைத் தாண்டியதும் நின்றுபோனது. கிளட்ச் கயிறு அறுந்த ஆட்டோவை நான் பின்னாலிருந்து தள்ள, அவர் முன்னால் நடந்தபடி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "சிலோன்ல சண்ட நிக்குமா சார்?" என்று விசாரித்தார். தள்ளும்போது மூச்சு வாங்கியதால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

ஊர் எல்லையில் ஒரு வேப்பங்கொத்து கட்டி, அதன் கீழே கழியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா. கொட்டகைப் பந்தலில் ஒருவர் ஆர்மோனியத்தோடு பாரதம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தலின் ஓரத்தில் ஐம்பது வயது வெள்ளைக்காரப் பெண் ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் புடவை, காய்ந்த பாதம், வலது மணிக்கட்டில் காப்பாக மஞ்சள் நூலில் கட்டிய மஞ்சள் கிழங்குத் துண்டு. மதாம் சிமோனின் மூக்கு. விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

"மதாம் எலேன், அம்மா கடுமையா வருத்தமா இருக்கிறா. உங்களப் பாக்கவேணும் எண்டு சொல்லிவிட்டவ. நான் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றேன்.

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "இன்னாக்கா சொல்றாரு இவரு? மலையாளமா?" என்று கேட்டார்.

"தமிழ்தான் அஞ்சல. சிலோன் தமிழு. எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியாம்" என்றார் எலேன்.

ஒரு பிரெஞ்சுக்காரி என் தமிழை அந்த ஊருக்கு மொழிபெயர்த்தார். அவர் ஒவ்வொரு சொல்லையும் அந்த ஊர் வாயிலிருந்தே எடுத்திருந்தார். ஊரும் அவரை எடுத்துக்கொண்டிருந்தது. எலேன் என்ற பெயரை எல்லம்மா ஆக்கி வைத்திருந்தார்கள்.

அவர் தங்கியிருந்தது அஞ்சலையின் வீட்டில். அஞ்சலை பக்கத்துத் தொழிற்பேட்டையில் பாட்டிலுக்கு மூடி போடுகிற கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவரும் காப்புக் கட்டியிருந்தார். வீட்டு வாசலில் எனக்கு மோர் கொடுத்தார்கள். திருவிழா முடியும்வரை ஊரில் மீன் கிடையாது. தீவில் பிறந்தவனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்.

எலேன் விளக்கினார். காப்புக் கட்டியவர்கள் தீமிதி முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை தீமிதி. சனிக்கிழமை காப்பு அவிழ்ப்பார்கள்.

"அப்ப இவ எப்படி வேலைக்குப் போறா?" என்று அஞ்சலையைக் காட்டிக் கேட்டேன்.

"கம்பெனில லீவு குடுக்க மாட்டேன்னுட்டான் சார்" என்றார் அஞ்சலை. "வேலயும் போவக் கூடாது, நேத்திக்கடனும் போவக் கூடாது. பெரியவங்க கூடிப் பேசினாங்க. எல்லையத் தள்ளிக் கட்டிட்டாங்க. இப்ப எங்க ஊரு எல்ல கம்பெனி கேட்டு தாண்டி."

"உண்மையாவோ?"

"வாட்ச்மேனக் கேளுங்க. அவன்தான் எலுமிச்சங்காய்க்குக் காவலு."

இதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. இவ்வளவு இடம் கொடுக்கிற ஊர், ஒரு தாயைப் பார்க்கப் போகிறவளைத் தடுக்காது என்று நினைத்தேன். ஊர் தடுக்கவும் இல்லை. கோயில் தர்மகர்த்தா ஏழுமலை, தோளில் துண்டோடு ஒல்லியான மனிதர், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"பெத்தவ படுத்துட்டாளா? கெளம்பும்மா. காப்ப அம்மன் கால்ல அவுத்து வச்சிட்டுப் போ. அவ ஒண்ணும் கோச்சிக்க மாட்டா. அடுத்த வருசம் எறங்கிக்கலாம்."

"இல்லண்ணே" என்றார் எலேன்.

"இல்லன்னா, எல்லைய பாரிசு வரைக்கும் தள்ளிக் கட்டிடுவோம்" என்றார் அஞ்சலை. "ப்ளேனுக்கு முன்னாடி ஒரு எலுமிச்சங்கா, பின்னாடி ஒரு எலுமிச்சங்கா."

எல்லோரும் சிரித்தார்கள். எலேன் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், தீக்குழி வெட்டுகிற இடத்துக்கு அருகே உட்கார்ந்தார்.

"தம்பி, நான் படிச்ச படிப்பு பாதி. கல்யாணம் பாதி. டவுன்ல ரெண்டு எடத்துல தியானம் கத்துக்கிட்டேன், அதுவும் பாதி. எங்கம்மா அத சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க. திரௌபதி சபதம் முடியிற வரைக்கும் கூந்தல அள்ளிக் கட்டல, தெரியுமா? நான் இத மட்டும் முழுசா செஞ்சிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழம அம்மாகிட்ட இருப்பேன்."

"அதுவரைக்கும் அம்மா இருப்பாவோ தெரியாது."

"இருப்பாங்க. அவங்க பிடிவாதம் எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. ஊர்க்காரர்கள் கடவுளோடு பேரம் பேசத் தெரிந்தவர்கள். பிறந்ததிலிருந்து அம்மனோடு பழகியவர்கள். எலேன் பின்னால் வந்து சேர்ந்தவர். பேரம் பேசினால் தன்னை வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயந்தவர்போல இருந்தார். பாரிசில் எங்கள் லா சப்பல் கடைத்தெருவிலும் இதைப் பார்த்திருக்கிறேன். விசா கிடைத்த புதிதில் எங்கள் ஆட்கள் சிவப்பு விளக்கில் தெரு வெறுமையாக இருந்தாலும் கடக்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கடந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். கட்டடத்தின் காவல்காரி மரியா, போர்த்துக்கல் நாட்டவள், மதாம் சிமோனின் அறையிலேயே இருந்தாள். மகள் கிடைத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று சொன்னேன். அங்கே முணுமுணுப்பாக ஒரு பேச்சு நடந்தது. பிறகு மரியா, "ஞாயிறு என்றால் நல்லது, அதற்குள் தலைமுடி வெட்டிக்கொள்ளலாம் என்கிறார்" என்றாள்.

இதை எலேனிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா? சாவப் போறவங்களா முடி வெட்டிப்பாங்க?" என்றார். அன்று மாலை முழுவதும் சந்தோஷமாக இருந்தார். கிணற்றடியில் குடம் குடமாகத் தண்ணீர் இறைத்து அம்மனுக்குக் கொண்டு போனார். அந்த ஊருக்கு வந்து அவர் செய்தது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகள்தான். பெருக்குவது, தண்ணீர் சுமப்பது, விளக்கு தேய்ப்பது. தியான மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததாகவும், இங்கே விளக்கைத் தேய்க்கும்போது விளக்கை மட்டும் நினைப்பதாகவும் சொன்னார். சட்டி தேய்க்கிறவனுக்கு அது விளங்கவில்லை. நான் சட்டி தேய்க்கும்போது சட்டியைத் தவிர எல்லாவற்றையும் நினைப்பேன்.

புதன்கிழமை வீட்டுக்கு வீடு விறகு வந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு கட்டு கொடுக்க வேண்டும். எலேனுக்கு வீடு இல்லாததால் அவர் கட்டு எந்தக் கணக்கில் சேரும் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். கடைசியில் அஞ்சலை, "எங்கூட்டுக் கட்டு ரெண்டு, போ" என்று சொல்லி முடித்தார். நான் கோயில் பந்தலில் படுத்துக்கொண்டேன். கொசு பிய்த்தெடுத்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடியும் பூத்துக்குப் போனேன். மரியா எடுத்தவுடனேயே அழுதாள். விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது. பக்கத்தில் அவள் மட்டும்தான்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது காதர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெத்தவங்களா?" என்று மட்டும் கேட்டார். இறந்தவர் என்னைப் பெற்றவர் இல்லை என்று விளக்குவதற்குத் தெம்பு இல்லை. தலையை ஆட்டினேன். வழி முழுக்க அவர் ரேடியோவைப் போடவில்லை.

எலேன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அஞ்சலையும் இருந்தார். அவ்வளவு நாளும் எலேனிடம் தமிழில்தான் பேசியிருந்தேன். அன்றைக்குப் பிரெஞ்சில் சொன்னேன். என் பிரெஞ்சு படிக்கட்டில் கற்றது, ஆனாலும் அந்தச் செய்தியைச் சொல்லும் அளவுக்கு இருந்தது.

அவர் கையிலிருந்த கட்டையை மெதுவாக, மற்றக் கட்டைகளோடு சரியாகப் பொருந்தும்படி வைத்தார்.

"எப்ப?" என்றார் தமிழில்.

"இண்டைக்கு விடிய."

அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ அக்கா" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். வேண்டுமென்று செய்யவில்லை. சூடு பட்ட கை விலகுவதுபோல் கால் தானாக விலகியது. விலகியது தெரிந்ததும் அஞ்சலை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எலேன் அந்த இரண்டடி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கால் மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. எலேனைப் பந்தலுக்கு வெளியே, வெயிலிலும் இல்லாத நிழலிலும் இல்லாத ஓர் இடத்தில் நிற்கச் சொன்னார்கள். நானும் அவர் பக்கத்தில் நின்றேன். கேள்வி ஒன்றுதான். எல்லம்மாவுக்குத் தீட்டு உண்டா? உண்டென்றால் நாளைக்குத் தீயில் இறங்க முடியாது.

பூசாரி முதலில் பேசினார். "காப்புக் கட்டினப்புறம் தீட்டு ஒட்டாது. எங்கப்பா சொன்னது."

"அது பங்காளி சாவுக்குய்யா. பெத்தவ செத்தா எப்படி ஒட்டாம போவும்?"

"கல்யாணம் ஆன பொண்ணுக்குத் தாய்த் தீட்டு மூணு நாளுதான்."

"அந்தம்மாதான் புருசன வெட்டி வுட்டுட்டு வந்தவங்களாச்சே. வெட்டி வுட்டவளுக்கு எத்தினி நாளு?"

"அது யாருக்குத் தெரியும்? நம்ம ஊர்ல எவ வெட்டி வுட்டா?"

"வுட்டிருக்கணும், வுடலியே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பை அடக்கினார்கள்.

"செத்தது கடலுக்கு அந்தாண்ட. தண்ணி தாண்டித் தீட்டு வராது."

"தண்ணி தாண்டிச் சேதி வந்துச்சில்ல? சேதி வந்தா தீட்டும் வரும்."

ஒருவரும் கேலிக்குப் பேசவில்லை. அந்த மனுஷியின் சாவை ஒரு வீட்டுச் சாவாக வைத்துத்தான் வழக்குப் பேசினார்கள். முகமே பார்த்திராத மதாம் சிமோனை அந்தப் பந்தலில் பத்துப் பேர் உறவுமுறைக்குள் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழுமலை கையை உயர்த்தினார். அவருக்கு எலேன்மேல் உண்மையான பாசம் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டும். அவர் மூன்று நாளாகத் தாயைப் பார்க்கப் போகச் சொல்லிக் கெஞ்சியவர். இப்போது தாயும் போய், தீமிதியும் போய், அந்தப் பெண் வெறுங்கையோடு நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

"எதுக்கு இத்தினி பேச்சு?" என்றார். "தீட்டுன்றது நம்ம சனத்துக்கு. எல்லம்மா வெள்ளக்காரங்க. அவங்களுக்குத் தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு அவங்க தாராளமா எறங்கட்டும்."

கூட்டம் மூச்சு விட்டது. "அதான் சரி" என்றார் பூசாரி. "அது தோணலியே நமக்கு" என்றார் மூன்று நாள் கணக்குச் சொன்னவர். அஞ்சலை எலேனைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் நல்லதென்றுதான் நினைத்தேன். ஒன்றாவது கிடைக்கட்டும்.

"ஏழுமலண்ணே" என்றார் எலேன்.

"சொல்லும்மா."

"எனக்குத் தீட்டு ஒட்டாதுன்னா, காப்பு மட்டும் எப்படி ஒட்டுச்சி?"

ஏழுமலை துண்டை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார்.

"நான் வெள்ளக்காரின்னா இந்தக் கயிறு வெறும் கயிறு. நாளைக்கு நான் எறங்கினா அது வெறும் நெருப்பு" என்றார் எலேன். "எங்கம்மா செத்துட்டாங்க. எனக்குத் தீட்டு இருக்குது."

மறுத்துப் பேசினால் என்ன சொன்னதாகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காப்பை அவராகத்தான் அவிழ்த்தார். ஒற்றைக் கையால் முடிச்சு அவிழவில்லை. சுற்றி நின்றவர்கள் காப்புக் கட்டியவர்கள், தீட்டானவரைத் தொட முடியாது. நான் உதவப் போனேன். தலையை ஆட்டிவிட்டு, பல்லால் கடித்து இழுத்தார். கோயிலுக்கு வெளியே ஓடிய வாய்க்காலில் நூலைப் போட்டார். கிணற்றடிக்குப் போகக் கூடாது என்பதால் அதே வாய்க்காலில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

அடுத்தது அஞ்சலையின் வீடு. காப்புக் கட்டியவர் இருக்கிற வீட்டில் தீட்டுக்காரர் தங்க முடியாது. அஞ்சலை எலேனின் துணிப்பையைக் கொண்டு வந்து தெரு நடுவில் வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போனார். எலேன் போய் எடுத்துக்கொண்டார். பைக்கு மேல் ஈரம் துவட்ட ஒரு புதுத் துண்டு மடித்து வைத்திருந்தது. ஏழு வருடத்தில் நான்கு வருடம் இருவரும் ஒரே பாயில் படுத்தவர்கள்.

ஊருக்கு மேற்கே கரும்பு வயலில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. அங்கே இருக்கச் சொன்னார்கள். நான் காதர் பாயைத் தேடிப் பிடித்து, அந்தி சாய வரச் சொல்லிவிட்டு வந்தேன். பாரிசில் அடக்கம் திங்களுக்கு முன் இல்லை என்று மரியா சொல்லியிருந்தாள். அடக்கத்துக்காவது போய்ச் சேரலாம். எலேன் மோட்டார் மேடையில் சாய்ந்து, ஈரப் புடவையோடு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னு நான்தான் சொன்னேன்" என்றார் ஒருமுறை. ஆறுதல் சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

வெயில் தணியும்போது வரப்பில் நான்கு பெண்கள் வந்தார்கள். நடுத்தர வயதுக்காரிகள். அந்த வருடம் காப்புக் கட்டாதவர்கள். அதனால் வர முடிந்தவர்கள். களை எடுத்த கையோடு வந்திருந்தார்கள், முழங்கால் வரை சேறு. தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கொட்டகைக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "சிலோன்காரரே, அந்தம்மாவப் பத்திச் சொல்லு. ஒண்ணும் தெரியாம எப்படி அழுவுறது?" என்றார்.

"என்ன சொல்லுறது?"

"எப்படி இருப்பாங்க? இன்னா ஆக்குவாங்க? யாருக்கு நல்லது செஞ்சாங்க?"

நான் சொன்னேன். மூன்றாம் மாடி. மூட்டு வலி. ஜன்னலில் தொட்டிச் செடி. குளிர்காலத்தில் படி கழுவும்போது கதவைத் திறந்து சூப் ஒரு கோப்பை நீட்டுவார், நன்றி சொல்வதற்குள் கதவைச் சாத்திவிடுவார். அலுவலகத்தில் என்னை ஒருவன் அதட்டியபோது குடையால் மேசையைத் தட்டினார். சொல்லிக்கொண்டே போனபோது, கடைசியில் சொன்ன ஒன்றிரண்டு மதாம் சிமோனுடையவையா என் தாயுடையவையா என்று எனக்கே ஐயம் வந்தது. திருத்தவில்லை.

"பேரு இன்னா?"

எலேன் சொன்னார். அவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். வாயில் நிற்கவில்லை.

"பேரு எதுக்கு, தாயேன்னு கூப்புட்டா வராமலா பூடுவா" என்று மூத்தவர் ஆரம்பித்தார்.

"மூணு மாடி மேலிருந்து
முகம் பாத்து நின்னவளே,
மக வந்து கதவு தட்ட
மறுகொரலு இல்லியே தாயே!

சன்னலோரச் செடிக்கெல்லாம்
சாயங்காலம் தண்ணி வச்சே,
ஒனக்கு வாயில் தண்ணி வைக்க
ஒருத்தருமே இல்லியே தாயே!"

ஒருத்தி எலேனின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தார். அன்று அந்த ஊரில் அவரைத் தொட்ட முதல் கை அது. தோளில் தோள் போட்டு, தலையோடு தலை சேர்த்து, ஆடி ஆடி அழ வேண்டும். எலேனுக்குத் தன் கையை எங்கே போடுவதென்று தெரியவில்லை. கோலம், குலவை, காப்பு, நோன்பு என்று எல்லாம் கற்றவர். இதை ஒருவரும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அந்த ஊரில் செத்துப்போக அவருக்கென்று சொந்தம் ஒருவரும் இருந்ததில்லை. பக்கத்தில் இருந்த பெண் அழுதுகொண்டே அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதன்பின் எலேன் அழுதார். சத்தம் தமிழிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. நான் கரும்புக்குள் கொஞ்ச தூரம் நடந்தேன்.

திரும்பி வந்தபோது அழுகை முடிந்திருந்தது. கோயில் பக்கம் பம்பை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் மூக்கைச் சிந்தி, முடியை அள்ளிச் செருகி, புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வரப்பில் இறங்கிப் போனார்கள். ஒருத்தியும் வருகிறேன் என்று சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான்.

எலேன் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நன்றி சொல்ல உதடு அசைந்தது. வழக்கம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டார்.

ஆட்டோ வந்தது. தீக்குழிப் பக்கம் போகாமல் வயல் வழியாகவே போகச் சொன்னார் எலேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மறுபடி வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் ஊரிடமோ அம்மனிடமோ ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. காதர் பாய் குனிந்து லிவரை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் வண்டி கிளம்பியது.